படிக்க வேண்டிய பட்டியலும் நடைக் கணக்கும் குழம்பினால்: குறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

இலங்கை மலையகத்து ஹட்டனில் எங்கள் வாசிப்பு வட்டம் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். 11 பேர். ஆசிரியர்கள் நான்கு பேர், மருந்துக்கடைக்காரர் ஒருவர், தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கும் அக்கா ஒருவர், ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் ஒருவர், பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் மூவர், கடையொன்றில் கணக்கு எழுதும் நான். மூன்று வருடத்துக்கு முன் எல்லோரும் சேர்ந்து இரண்டு இலக்கு வைத்தோம். வருடத்துக்கு இத்தனை புத்தகம், நாளுக்கு இவ்வளவு நடை. அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் போனை என் கையில் தந்து, "இதுல என்னமோ பிழை இருக்கு, கொஞ்சம் பாருங்க" என்பார்.

பார்த்துப் பார்த்துத் திரும்பத் திரும்ப வருவது அதே ஏழெட்டுப் பிழைகள்தான் என்று தெரிந்துவிட்டது. அவற்றை, நோய்க்குறி போல வெளியில் தெரியும் குறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்களிடம் தெரியும் குறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

## குறி: பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, முடித்த புத்தகம் கூடவில்லை

என்னிடம் அதிகம் வருவது இதுதான். எனக்கே இருந்ததும் இதுதான்.

### முதலில்: ஒரே புத்தகம் எத்தனை இடத்தில் இருக்கிறது?

தமிழ்ப் புத்தகம் வாசிக்கிறவர்களின் பட்டியலில் இது நிச்சயம் இருக்கும். ஒரே நாவலை ஒருவர் தமிழ் எழுத்தில் பதிந்திருப்பார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் பதிந்திருப்பார், மூன்றாமவர் வேறு பதிப்பகத்தின் அட்டையோடு பதிந்திருப்பார். எழுத்தாளரின் முதலெழுத்துக்குப் பின்னால் புள்ளி வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று. நாம் மூன்றையும் வெவ்வேறு நாளில் பார்த்து மூன்றையும் சேர்த்திருப்போம்.

போன் திரையில் இது கண்ணில் படாது. பட்டியலைக் கோப்பாக இறக்கி அட்டவணையில் திறக்க வேண்டும். குட்ரீட்ஸ் (வாசித்த புத்தகங்களைப் பதியும் இணையத்தளம்) பாவிக்கிறவர்கள் கணினி உலாவியில் திறந்து, தங்கள் புத்தகங்கள் இருக்கும் பக்கத்திலேயே அதற்கான வசதியைக் காணலாம். திறந்ததும் தலைப்பு வரிசையில் ஒரு தடவை அடுக்கிப் பாருங்கள். பிறகு எழுத்தாளர் வரிசையில் ஒரு தடவை. ஆங்கில எழுத்தில் பதிந்தவை தமிழ் எழுத்தில் பதிந்தவற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்காது. அவற்றைக் கண்ணால்தான் தேட வேண்டும். கொப்பியில் எழுதுகிறவர்களுக்கும் இதே வேலைதான், ஒரு மாலைப்பொழுது போகும்.

என் பட்டியலில் 412 இருந்தன. அதில் 37 இரட்டிப்பு. அவற்றை நீக்கியபோது 375 ஆனது.

### அடுத்து: இது ஏன் இங்கே இருக்கிறது?

ஒவ்வொரு பெயராக எடுத்து, யார் சொல்லிச் சேர்த்தேன், எதற்குச் சேர்த்தேன் என்று கேளுங்கள். பத்து விநாடியில் பதில் வராவிட்டால் அதை வேறொரு கோப்புக்கு மாற்றுங்கள். அழிக்கச் சொல்லவில்லை. அழிக்கச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள், நானும் செய்திருக்க மாட்டேன். "பழைய பட்டியல்" என்று பெயர் போட்டு ஒதுக்கி வைத்தால் மனசு கேட்கும். என்னுடைய 375இல் 128 அப்படி ஒதுங்கியது. இரண்டு வருடமாகிறது, அதில் நான் திரும்பிப் போய்த் தேடியவை மூன்று.

இனிமேல் புதிதாகச் சேர்க்கும்போது பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். "மருந்துக்கடை அண்ணன் சொன்னார், தோட்டப் பாடசாலை பற்றி வருகிறதாம்." இவ்வளவு போதும்.

### பிறகு: வகுத்துப் பாருங்கள்

கடந்த 12 மாதத்தில் எத்தனை புத்தகம் முடித்தீர்கள்? அந்த எண்ணால் பட்டியலை வகுங்கள். நான் முடித்தது 22. ஒதுக்குவதற்கு முன்னிருந்த 375ஐ வகுத்தால் 17 வருடம் வருகிறது. எனக்கு 48 வயது. ஒதுக்கிய பின்னும் 247, அதாவது 11 வருடம். இந்தக் கணக்கைப் போட்ட அன்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் போட்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பிழை எங்கே என்று அப்போதுதான் பிடிபட்டது.

கடையில் கேள்விப்பட்ட சரக்கு, ஓர்டர் கொடுத்த சரக்கு, விற்ற சரக்கு மூன்றையும் ஒரே கொப்பியில் எழுத மாட்டோம். எழுதினால் மாதக் கடைசியில் தலைகால் புரியாது. வாசிப்பில் நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஆசைப்பட்டது, அடுத்து வாசிக்கப் போவது, வாசித்து முடித்தது எல்லாம் ஒரே பட்டியலில்.

மூன்றாகப் பிரியுங்கள். ஆசைப் பட்டியலுக்கு எல்லை வேண்டாம், அது எவ்வளவு நீண்டாலும் கெடுதல் இல்லை. வரிசை என்று ஒன்று, அதில் ஐந்து புத்தகம் மட்டும். முடித்தவை தனியாக. வரிசையிலிருந்து ஒன்று வெளியே போனால்தான் ஆசைப் பட்டியலிலிருந்து ஒன்று உள்ளே வரலாம். என்னுடைய ஐந்தில் எப்போதும் ஒன்று மெல்லியது, ஒன்று நூலகத்தில் எடுத்தது, ஒன்று போனில் வாசிப்பது. மீதி இரண்டும் மனம் போல. ஐந்து என்பதற்குச் சாஸ்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வட்டத்தில் ஏழுக்கு மேல் வைத்தவர்களுக்கெல்லாம் வரிசை திரும்பவும் பட்டியலாகிவிட்டது.

### இன்னும் நீளுகிறது என்றால்: வாங்குவதைப் பாருங்கள்

செலவு வைக்கும் காரணம் இது. செப்டம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போய் இரண்டு பை நிறைய வாங்கி வந்து, அடுத்த செப்டம்பர் வரை பிரிக்காமல் வைத்திருப்பது. கேட்டால், "இப்ப விட்டா பிறகு கிடைக்காதே" என்பார்கள். மலையகத்துப் புத்தகங்களில் அந்தப் பயம் நியாயமானதுதான். குறைந்த பிரதி அச்சாகிறது, மறுபதிப்பு அருமை. அதனால் அந்த வகைப் புத்தகத்தை வாங்குங்கள், தடுக்க மாட்டேன். மற்றவற்றுக்கு முதலில் நகரசபை நூலகத்தில் கேளுங்கள். திருப்பிக் கொடுக்கும் திகதி இருப்பதே வாசிக்க வைக்கும். 2005இல் தொடங்கிய "நூலகம்" இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே இருக்கிறது என்று தெரிந்தாலே வாங்கும் அவசரம் பாதி குறையும்.

## குறி: எதை எடுப்பது என்று தெரியாமலே இரவு போகிறது

வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, போனில் பட்டியலைத் திறந்து மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தால் அரைமணி போய்விடும். மேலே சொன்ன ஐந்து புத்தக வரிசை இதைப் பெரும்பாலும் தீர்க்கும். தீராவிட்டால், காலையில் வேலைக்குப் போகும் முன்பே அன்றிரவு வாசிக்கும் புத்தகத்தைத் தலையணை மேல் வைத்துவிட்டுப் போங்கள். களைத்து வருகிற நேரத்தில் தேர்வு செய்யும் வேலை இருக்கக் கூடாது.

### தொடங்கித் தொடங்கி நிற்கிறது என்றால்

நான்கு புத்தகம் முப்பதாம் பக்கத்தில் நிற்கிறதா? 50 பக்கம் வரை வாசியுங்கள். பிடிக்கவில்லையா, "இடையில் விட்டவை" என்று குறித்து நூலகத்துக்கோ நண்பருக்கோ கொடுத்துவிடுங்கள். விட்டதற்காக யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

### ஒரே பக்கத்தை மூன்று தடவை வாசிக்கிறீர்கள் என்றால்

பட்டியலில் பிழை இல்லை. தூக்கமோ கண்ணோ. கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## குறி: "இலக்கில் பின்தங்கியிருக்கிறீர்கள்" என்று செயலி சொல்கிறது

### வாசித்தது கணக்கில் விழுந்ததா?

முதலில் முடித்த திகதியைப் பாருங்கள். குட்ரீட்ஸ் வாசிப்புச் சவாலில் முடித்த திகதி இல்லாத புத்தகம் அந்த வருடத்தில் சேராது. வாசித்தது என்று குறித்திருப்போம், திகதி வெறுமையாக இருக்கும். எங்கள் வட்டத்துப் பிள்ளை ஒருத்திக்கு 9 என்று காட்டியது. திகதிகளை நிரப்பியதும் 14 ஆயிற்று. ஐந்து நிமிட வேலை.

அடுத்தது பக்க எண்ணிக்கை. பழைய தமிழ்ப் பதிப்புகள் பலவற்றுக்குப் பக்கம் பதியப்பட்டிருக்காது. பக்கத்தால் இலக்கு வைத்தவர்களுக்கு அந்தப் புத்தகம் பூச்சியமாக நிற்கும். கையிலிருக்கும் பிரதியின் கடைசிப் பக்க எண்ணைப் பார்த்து உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

### உண்மையாகவே பின்தங்கியிருந்தால்

எந்தப் புத்தகம் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 700 பக்க நாவலில் 400 பக்கம் முடித்தவருக்கும் ஒன்றும் வாசிக்காதவருக்கும் செயலி ஒரே எண்ணைத்தான் காட்டும்.

எங்கள் அம்மா இருபத்தாறு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். தோட்டம் குறித்த கிலோ வராத நாளில் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், அரைப்பேர் விழும்: அரைநாள் சம்பளம்தான். மழையில் நனைந்து, காலையிலிருந்து மலையில் நின்று, இரண்டு கிலோ குறைந்ததற்காக அரைப்பேர். அன்று மாலை கூடையை இறக்கி இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) வைத்துவிட்டு, நனைந்த படங்குச் சாக்கை அவிழ்க்காமலே உட்கார்ந்திருப்பார். அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம். ஆகையால் இந்தக் குறியோடு வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்: உங்களுக்கு நீங்களே அரைப்பேர் போட்டுக்கொள்ள வேண்டாம். புத்தக எண்ணிக்கையை விட்டு நிமிடத்துக்கு மாறுங்கள். நாளுக்கு 25 நிமிடம் என்று வைத்தால், தடித்த புத்தகத்தில் இருந்த நாளும் முழுப்பேராக விழும்.

எண்ணிக்கையை நிரப்புவதற்கென்றே மெல்லிய புத்தகமாகத் தேடி எடுக்கிறீர்கள் என்றாலும் இதே மருந்துதான். வருட நடுவில் இலக்கைக் குறைப்பதிலும் தவறில்லை. பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் நோயாளி, இடமாற்றம் என்று வந்தால் அந்த வாரமே குறைத்துவிடுங்கள். டிசம்பர் வரை சுமந்துகொண்டு போகாதீர்கள்.

## குறி: நடை எண்ணிக்கை சரியாக இல்லை

### சோதனை: 100 காலடி

எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சமதரையான ஒரு இடம், பாடசாலை மைதானம் போல. செயலியில் எண்ணைப் பாருங்கள். வாய்விட்டு எண்ணி 100 அடி நடங்கள். ஒரு நிமிடம் நின்று திரும்ப எண்ணைப் பாருங்கள், சில செயலிகள் தாமதித்துத்தான் காட்டும். போனைச் சட்டைப்பையில் வைத்து ஒரு தடவை, கைப்பையில் வைத்து ஒரு தடவை, நீங்கள் வழக்கமாக எப்படி நடப்பீர்களோ அப்படி ஒரு தடவை. 95க்கும் 105க்கும் இடையில் வந்தால் கருவியில் பிழை இல்லை.

### குறைவாகக் காட்டினால்

மிகச் சாதாரண காரணம், போன் உங்களோடு இல்லை. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது, கோயிலுக்குப் போகும்போது, சேலையில் பை இல்லாத காரணத்தால் போன் மேசையில்தான் இருக்கும். பெண்களின் நடை நிறையக் கணக்கில் வராமல் போவது இதனால்தான். சின்னத் துணிப்பை ஒன்று இடுப்பில் கட்டினால் சரி.

கைக்கடிகாரம் கட்டுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் தனிப் பிழை ஒன்று உண்டு. குடை. முன்பள்ளி அக்காவின் கடிகாரம் 100 அடிக்கு 61 என்று காட்டியது. புதிது வாங்கத் தயாராகிவிட்டார். இரண்டாம் தடவை நடக்கச் சொல்லிப் பக்கத்திலேயே போனேன். கடிகாரம் கட்டிய இடது கையில் குடையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார். கை அசையவே இல்லை. கடிகாரம் அசைவைத்தான் எண்ணுகிறது. குடையை வலது கைக்கு மாற்றச் சொன்னேன், 97 வந்தது. பிள்ளையின் கையைப் பிடித்து நடப்பது, சட்டைப்பையில் கை விட்டு நடப்பது, பால் கேன் தூக்கி நடப்பது எல்லாம் இதே கணக்கு.

அதற்குப் பிறகு போன் அமைப்பு. ஆண்ட்ராய்டு 10 முதல், உடல் அசைவைப் பார்க்கச் செயலிக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். போன் மாற்றியவர்களுக்கு இது அடிக்கடி விட்டுப்போகும். பெற்றரிச் சிக்கனம் போட்டிருந்தால் பின்னணியில் ஓடும் செயலியை அது நிறுத்திவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் சிக்கனத்தை எடுத்துவிடுங்கள். இவ்வளவும் செய்து, 100 அடிச் சோதனையில் மூன்று நாள் தொடர்ந்து தவறினால்தான் கடைக்குக் கொண்டுபோகலாம். நான் பார்த்தவற்றில் அந்த நிலைக்கு வந்தது ஒரே ஒரு போன்.

### கூடுதலாகக் காட்டினால்

இரண்டு செயலிகள் ஒன்றிலிருந்து ஒன்று எண்ணிக்கையை வாங்கிக் கூட்டிக்கொண்டிருக்கலாம். ஒன்றை நிறுத்துங்கள். அதுவும் இல்லை என்றால் பஸ்ஸில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் எண்ணைப் பாருங்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் வளைவுகளில் கம்பியைப் பிடித்து நின்றே போனால் கடிகாரம் சில நூறு அடி சேர்த்துவிடுகிறது. அம்மியில் சம்பல் அரைத்தாலும் அப்படித்தான். இந்தச் சில நூறு பெரிய விஷயமில்லை, விட்டுவிடுங்கள்.

### எண்ணிக்கை சரி, ஆனால் நாளுக்கு 10,000 அடி வருவதே இல்லை என்றால்

அந்த 10,000 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாரம் குறையும். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்குப் "பத்தாயிரம் அடி அளவி" என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். எண் அப்படித்தான் பரவியது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது அடிக்கணக்கில் இல்லை: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி.

மலையில் இருப்பவர்களுக்கு நிமிடக் கணக்குதான் பொருந்தும் என்பது என் எண்ணம். எங்கள் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பெரிய ரோட்டுக்கு ஏறும் குறுக்குப் பாதையில் 214 கல்படி இருக்கிறது. செயலிக்கு அது வெறும் 214 அடி. ஏறி முடித்தவருக்கு மூச்சு வாங்கும். நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். பேசவே மூச்சு இல்லை என்றால் கடும் வேகம். இந்த அளவுகோல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சரியாக வேலை செய்யும், போனும் தேவையில்லை.

## குறி: நடை கூடினால் வாசிப்பு நிற்கிறது, வாசிப்பு கூடினால் நடை நிற்கிறது

இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் பின்னேரம் ஆறு மணிக்கு மேல். ஒன்றைக் காலைக்கு மாற்றுங்கள், எது என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது.

மாற்ற நேரமே இல்லை என்றால் கேட்டுக்கொண்டு நடக்கலாம். போனில் தமிழை வாசித்துக் காட்டும் குரல் இருக்கிறது. குரல் வரவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த கோப்பைத் திறந்திருப்பார்கள். அது எழுத்தின் படம், எழுத்தில்லை. முதலில் கூகுள் டொக்ஸில் திறந்து எழுத்தாக மாற்ற வேண்டும், தமிழுக்கும் அது வேலை செய்யும். பழைய அச்சில் கொஞ்சம் பிழை விழும். நடக்கும்போது ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். நடைபாதை இல்லாத வளைவில் பஸ் வரும் சத்தம் காதில் விழுந்தாக வேண்டும்.

எங்களுக்கு மிகவும் கைகொடுத்த வழி வேறு. ஞாயிறு காலை ஹட்டனிலிருந்து கொட்டகலைக்கு ரயில். போகும்போது வாசிப்பு, வரும்போது ரோட்டு வழியே நடை. சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிக் காத்திருப்போம். வெளியே வந்ததும் வெளிச்சத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்போம். திரும்பி நடக்க ஒன்றரை மணி நேரம் போல ஆகும். வாசித்ததைப் பேசிக்கொண்டே வருவதால் தூரம் தெரியாது. 150 நிமிடத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு காலையிலேயே முடிந்துவிடும்.

## குறி: மே மாதம் வந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது

மழை. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்துக்குத் தென்மேல் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு வருடக் கடைசியில் வரும் வடகீழ் மழைதான் பெரிது. ஆகவே முழு வருடத்துக்கும் ஒரே அளவு நடை இலக்கு வைத்தால் யாராவது ஒருவர் தோற்பார். மழை மாதத்தில் நடையைக் குறைத்து வாசிப்பைக் கூட்டுங்கள், வெயில் மாதத்தில் மாற்றிப் போடுங்கள். டிசம்பர் பௌர்ணமியில் சிவனொளிபாதமலைக் காலம் தொடங்குகிறது. நல்லதண்ணிப் பக்கமாக ஏற நினைப்பவர்கள் அக்டோபரிலேயே படி ஏறிப் பழகுவது நல்லது.

மழையிலும் நடக்கத்தான் வேண்டும் என்றால், அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கக் காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்த நாளில் மண்மேட்டு ஓரமாக எந்த நடையும் வேண்டாம். இஸ்தோப்பிலேயே முன்னும் பின்னும் நடந்தால் போதும்.

## குறி: புத்தகத்தில் பூஞ்சணம்

சுவரில் ஒட்டிய அலுமாரிதான் முதல் காரணம். நான்கு விரல் இடைவெளி விட்டு இழுத்து வையுங்கள், புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள். பிடித்துவிட்ட புத்தகத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, முகக்கவசம் போட்டு, வெளியில் நின்று மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். உச்சி வெயிலில் வைத்தால் அட்டை வளையும். வீட்டில் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர்கள் இருந்தால் இந்த வேலையை அவர்கள் பக்கத்தில் செய்யாதீர்கள். கிடைத்தற்கரிய பழைய பிரதி என்றால் நீங்கள் கை வைக்காமல், ஆவணப் பாதுகாப்பில் அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள்.

## குறி: கணக்கெல்லாம் சரி, உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை

### கண்

என் சொந்த அக்கா எங்களை எல்லாம் வாசிக்கப் பழக்கியவர். 2 வருடம் ஒரு புத்தகமும் முடிக்கவில்லை. வரிசை வைத்தோம், தலையணை மேல் வைத்தோம், மெல்லிய புத்தகம் கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. "படிக்கணும்னு ஆசையாத்தான் இருக்குடா, எடுத்தாலே தல வலிக்குது" என்றார். ஒருநாள் ஊசியில் நூல் கோர்க்கும்போது கையை நீட்டி முகத்தைப் பின்னால் இழுத்ததைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவது. கண் வைத்தியரிடம் காட்டி, கண்ணாடி போட்டு, அந்த மாதமே இரண்டு புத்தகம் முடித்தார். நான் இரண்டு வருடம் அவருடைய பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஆகவே நாற்பதைத் தாண்டியவர் என்றால் மற்ற எல்லாச் சோதனைக்கும் முன் இதைச் செய்யுங்கள்: பகல் வெளிச்சத்தில் பத்திரிகையை வழக்கமான தூரத்தில் பிடியுங்கள். எழுத்து தெளிய கை நீள்கிறதா? கண் பரிசோதனைக்குப் போங்கள். கடையில் தொங்கும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பார்வை மங்கினாலோ, யாருக்காவது திடீரென்று ஒரு பக்கம் இருண்டாலோ அன்றே வைத்தியரைப் பாருங்கள்.

### முழங்கால்

இறங்கும்போது மட்டும் வலித்தால் ஒரு வாரம் இறக்கத்தைக் குறைத்து, பக்கவாட்டில் கால் வைத்து மெதுவாக இறங்கிப் பாருங்கள். தேய்ந்த சப்பாத்து என்றால் மாற்றுங்கள். வீங்கினாலோ, மடக்க முடியாவிட்டாலோ, இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இலக்கை முடிக்கப் பார்க்க வேண்டாம்.

### நெஞ்சு, மூச்சு

ஏற்றத்தில் நெஞ்சு இறுகினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ அந்த இடத்திலேயே உட்காருங்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். தோட்டத்துக்குள் இருக்கிறீர்கள் என்றால் தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும், வண்டி வரக்கூடிய பக்கத்து ரோட்டையும் சொல்லுங்கள். வழி காட்ட ஒருவரைப் பெரிய ரோட்டில் நிறுத்துங்கள்.

### மனசு

வாசிக்கவும் நடக்கவும் மட்டுமில்லாமல், முன்பு பிடித்த எதிலுமே மனம் போகவில்லை, தூக்கமும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேலாகிறது என்றால் இலக்கு எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். வைத்தியரிடம் பேசுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.